அச்சுப்பொறியை அளந்தறிதல்

நுழையுமுன்

‘பல்’ என்னும் சொல்லிலுள்ள புள்ளி அச்சில் விழாமற்போனால் அது ‘பல’ என்றாகிவிடும். ‘கோடை’ என்பதன் கொம்பிலுள்ள சுழி மங்கினால் ‘கொடை’ என்று படிக்க நேரும். ‘மணம்’ என்பதில் ணகரத்தின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அது ‘மனம்’ போலத் தோன்றும். தமிழில் அச்சிடும் அலுவலகம் தனக்குரிய பொறியைத் தேர்ந்தெடுக்கும்போது, விலையோடு இத்தகைய சிறு புள்ளிகளையும் சுழிகளையும் கருத வேண்டும். அதற்கான வழிமுறையை இப்பாடம் விளக்குகிறது.

எல்லையோரத்தில் இரு மொழிகள்

கேரள மாநிலம் 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் உருவாயிற்று. இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களிலும், பாலக்காட்டின் சித்தூர் வட்டத்திலும் தமிழ் பேசும் மக்கள் பெருமளவில் வாழ்கின்றனர். தேயிலைத் தோட்டங்களிலும் ஏலத் தோட்டங்களிலும் வேலை தேடி மலையேறியவர்களின் வழித்தோன்றல்கள் அவர்களுள் பலர். கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்திற்கும் துறைத் தலைவர்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளிலுள்ள அரசு அலுவலகங்களுக்கும் தமிழிலேயே எழுதவும், தமிழிலேயே விடை பெறவும் உரிமை அளிக்கிறது.

ஆகவே, அப்பகுதிகளில் விண்ணப்பங்களை அச்சிட்டுத் தரும் ஒரு சிறு அலுவலகம் மலையாளம், தமிழ் ஆகிய இரு மொழிகளிலும் தாள்களை அச்சிட வேண்டியிருக்கும். பெயரில் ஒரு புள்ளி பிழைத்தாலும் அத்தாளைத் திருத்துவதற்காக ஏழைத் தொழிலாளி ஒருவர் ஒரு நாள் கூலியை இழந்து மீண்டும் மலையிறங்கி வர நேரிடலாம்.

பொறி இயங்கும் முறை

தலைமுடியில் தேய்த்த சீப்பு சிறு காகிதத் துண்டுகளை ஈர்ப்பதை மாணவர் அனைவரும் அறிவர். லேசர் அச்சுப்பொறியின் அடிப்படையும் அந்த நிலைமின்னூட்டமே. அமெரிக்காவின் நியூயார்க் நகரில் ஒரு நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் பணியாற்றிய செஸ்டர் கார்ல்சன், ஆவணங்களைக் கையால் படியெடுக்கும் துன்பத்தை நாள்தோறும் கண்டவர். 1938ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள், அஸ்டோரியா என்னுமிடத்தில், தம் உதவியாளர் ஓட்டோ கோர்னெயுடன் அவர் ஒரு சோதனை செய்தார். கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து மின்னூட்டினர். எழுத்துகள் எழுதிய கண்ணாடியின் வழியாக அதன்மேல் ஒளி பாய்ச்சினர். ஒளி பட்ட இடங்களில் மின்னூட்டம் நீங்கியது. எழுத்தின் நிழல் விழுந்த இடங்களில் மட்டும் அது எஞ்சியது. நுண்ணிய தூளைத் தூவியபோது எழுத்து வடிவில் தூள் ஒட்டிக்கொண்டது. ஈரமான மை சிறிதுமின்றி எழுத்து பிறந்தது. இம்முறையைக் கையாண்ட ஜெராக்ஸ் 914 என்னும் நகலெடுக்கும் பொறி 1959ஆம் ஆண்டு வெளிவந்தது.

பின்னர், கேரி ஸ்டார்க்வெதர் என்னும் பொறியாளர், மூலத்தாளின் நிழலுக்கு மாற்றாக லேசர் ஒளிக்கதிரைக் கொண்டே உருளையின்மேல் எழுத்தை வரையலாம் என்று கண்டார். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு நடுவத்தில் 1971ஆம் ஆண்டு அவர் அதனைச் செயற்படுத்தினார். அதன் பயனாக ஜெராக்ஸ் 9700 என்னும் லேசர் அச்சுப்பொறி 1977ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது.

இன்றைய பொறியிலும் இதே படிகள் உள்ளன. உருளை மின்னூட்டம் பெறுகிறது. லேசர் எழுத்தை வரைகிறது. டோனர் என்னும் நெகிழித்தூள் ஒட்டுகிறது. பின்பு தாளுக்கு மாறுகிறது. இறுதியில் சூடான உருளைகள் அத்தூளை உருக்கித் தாளோடு பிணைக்கின்றன. வண்ணப்பொறியில் சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு தூள்கள் உள்ளன. நான்கும் இம்மியும் விலகாமல் ஒரே இடத்தில் படிந்தால்தான் படம் தெளிவாக அமையும்.

விலையும் செலவும்

கடையில் எழுதியிருப்பது பொறியின் விலை. பயன்படுத்தும் காலமெல்லாம் தூளுக்காகக் கொடுப்பது செலவு. இவ்விரண்டையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

கணக்கிற்காகக் கற்பனையாக இரண்டு பொறிகளை எடுத்துக்கொள்ளலாம். முதற்பொறியின் விலை 25,000 ரூபாய். அதன் கறுப்புத் தூள்பெட்டி 4,200 ரூபாய்க்கு 1,400 பக்கங்கள் தரும். வண்ணத் தூள்பெட்டி ஒவ்வொன்றும் 3,600 ரூபாய்க்கு 1,200 பக்கங்கள் தரும். ஆகவே, ஒவ்வொரு தூளுக்கும் பக்கத்திற்கு 3 ரூபாய் ஆகும். நான்கு தூள்களும் சேரும் வண்ணப் பக்கத்திற்கு 12 ரூபாய் ஆகும். இரண்டாம் பொறியின் விலை 40,000 ரூபாய். அதன் கறுப்புப் பெட்டி 5,000 ரூபாய்க்கு 2,500 பக்கங்களும், வண்ணப் பெட்டி ஒவ்வொன்றும் 4,000 ரூபாய்க்கு 2,000 பக்கங்களும் தரும். எனவே, கறுப்புப் பக்கத்திற்கு 2 ரூபாயும் வண்ணப் பக்கத்திற்கு 8 ரூபாயும் ஆகும். தாளும் மின்சாரமும் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே என்பதால் அவற்றை விட்டுவிடலாம்.

கொழிஞ்சாம்பாறையில் விண்ணப்பங்களை அச்சிடும் ஓர் அலுவலகம் மாதந்தோறும் 400 கறுப்புப் பக்கங்களையும் 100 வண்ணப் பக்கங்களையும் அச்சிடுவதாகக் கொள்க. மூன்று ஆண்டுகளில் அவை 14,400 கறுப்புப் பக்கங்களும் 3,600 வண்ணப் பக்கங்களும் ஆகும். முதற்பொறிக்குத் தூள் 86,400 ரூபாய். விலையோடு சேர்த்து 1,11,400 ரூபாய். இரண்டாம் பொறிக்குத் தூள் 57,600 ரூபாய். விலையோடு சேர்த்து 97,600 ரூபாய். விலை மிகுந்த பொறியே 13,800 ரூபாயை மிச்சப்படுத்துகிறது. அதற்காகக் கூடுதலாகக் கொடுத்த 15,000 ரூபாய், மாதம் 800 ரூபாய் வீதம் பத்தொன்பதாம் மாதத்தில் மீண்டுவிடும்.

மறையூரில் வெல்லம் விற்கும் மற்றோர் அலுவலகத்தை எண்ணிப் பார்க்கலாம். மறையூர் வெல்லம் 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. அவ்வலுவலகம் விலைப்பட்டியலும் கடிதங்களுமாக மாதம் 100 கறுப்புப் பக்கங்களையும் 25 வண்ணப் பக்கங்களையும் மட்டுமே அச்சிடுகிறது. மூன்று ஆண்டுகளில் முதற்பொறிக்கு மொத்தம் 46,600 ரூபாய். இரண்டாம் பொறிக்கு 54,400 ரூபாய். இங்கே விலை குறைந்த பொறியே ஏற்றது. பொறிகள் மாறவில்லை, தேவை மாறியது, ஆகவே விடையும் மாறியது.

பெட்டியின்மேல் எழுதிய எண்

தூள்பெட்டியின்மேல் எழுதப்பட்ட பக்க எண்ணிக்கை எப்படிப் பெறப்பட்டது என்பதை அறிய வேண்டும். கறுப்புத் தூளுக்கு ஐஎஸ்ஓ/ஐஇசி 19752, வண்ணத் தூளுக்கு ஐஎஸ்ஓ/ஐஇசி 19798 என்னும் பன்னாட்டு அளவைமுறைகள் உள்ளன. பொதுவாகத் தாளின் பரப்பில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே ஒரு தூள் படியும் என்று கொண்டு பக்கங்கள் கணக்கிடப்படுகின்றன. ஒரு சாதாரணக் கடிதத்திற்கு இது பொருந்தும். தாள் முழுவதும் நிறம் நிரம்பிய படத்திற்குப் பொருந்தாது. அங்கே தூள் பன்மடங்கு செலவாகும். ஆகவே, மறையூர் அலுவலகம் வெல்லப் பொதிகளுக்கான வண்ணச் சீட்டுகளை ஆயிரக்கணக்கில் வேண்டும்போது அச்சகத்தில் கொடுத்து அச்சிடுவதே சிக்கனம்.

புதிய பொறியுடன் வரும் தூள்பெட்டிகளில் பெரும்பாலும் தூள் குறைவாகவே இருக்கும். அவை எத்தனை பக்கங்கள் தரும் என்று வாங்குமுன் கேட்டறிதல் நன்று.

தமிழ்ச் சோதனைத்தாள்

கடையில் காட்டப்படும் மாதிரித்தாளில் மலரும் பறவையும் அழகாக அச்சாகியிருக்கும். அவற்றைக்கொண்டு முடிவு செய்யலாகாது. வாங்குவோர் தம் பணிக்கு ஏற்ற சோதனைத்தாளைத் தாமே உருவாக்கி எடுத்துச் செல்ல வேண்டும்.

அத்தாளில் பல் – பல, கொடை – கோடை, பணி – பனி, மணம் – மனம் போன்ற சொற்களைச் சிறிய எழுத்தில் அமைக்கலாம். புள்ளிகள் தெளிவாக உள்ளனவா, சுழிகள் அடைபடாமல் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். அதே தாளில் மலையாளக் கூட்டெழுத்துகள் சிலவற்றையும் சேர்க்கலாம். நிறப் பின்னணியில் வெள்ளை எழுத்துகளை அமைத்தால், நான்கு தூள்களும் சரியாகப் பொருந்துகின்றனவா என்பது விளங்கும். பொருந்தாவிடில் எழுத்தின் ஓரத்தில் வேற்று நிறக்கோடு தெரியும். தாளை மடித்து, மடிப்பை விரலால் தேய்த்துப் பார்க்க வேண்டும். தூள் பெருமளவில் உதிர்ந்தால் அது சரியாக உருகிப் பிணையவில்லை என்பது பொருள்.

விரைவையும் கடிகாரத்தைக்கொண்டு அளக்க வேண்டும். நிமிடத்திற்கு இருபது பக்கங்கள் என்று விளம்பரம் கூறலாம். ஆனால், ஒரே ஒரு சான்றிதழுக்காக ஒருவர் மேசைமுன் காத்திருக்கும்போது, உறங்கும் பொறி சூடேறி முதல் தாளைத் தரும் நேரமே முதன்மையானது.

மலையும் காற்றும் மின்சாரமும்

இடத்தின் இயல்பும் பொறியைத் தாக்கும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மூணாற்றிலும் பீர்மேட்டிலும் காற்றில் ஈரம் மிகும். திறந்து வைத்த தாள் அவ்வீரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈரத்தாளில் தூள் சீராக ஒட்டாது. சூட்டில் தாள் சுருண்டு சிக்கிக்கொள்ளும். ஆகவே, தாளை மூடிய உறையில் வைத்து வேண்டிய அளவே எடுக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாயின் வழியே காற்று வீசும் சித்தூர்ப் பகுதியின் வறண்ட கோடையில் தாள்கள் நிலைமின்னூட்டத்தால் ஒன்றோடொன்று ஒட்டி, இரண்டிரண்டாக உள்ளே செல்லக்கூடும். தாள்களை விசிறிப் பிரித்து அடுக்குவது அதற்குத் தீர்வாகும்.

தூளை உருக்கும் பகுதி சூடேறும்போது ஆயிரம் வாட் அளவுக்கும் மின்சாரம் தேவைப்படலாம். கணினிக்கென வைத்த சிறிய யுபிஎஸ் கருவியோடு அச்சுப்பொறியை இணைத்தால் அக்கருவி தாங்காது. மின்வெட்டு மிகுந்த ஊரில் இதனை முன்னரே திட்டமிட வேண்டும்.

பழுது நேர்ந்தால் யார் வருவார், தூள்பெட்டி எங்கே கிடைக்கும் என்பனவும் வினவத்தக்கவை. மறையூரிலிருந்து மூணாறும் உடுமலைப்பேட்டையும் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. தூள்பெட்டி ஒன்று வாங்க ஒரு நாளைச் செலவிட நேர்ந்தால் அதுவும் செலவுக் கணக்கில் சேரும். தீர்ந்த பெட்டிகளை எரித்தல் ஆகாது. மின்னணுக் கழிவைப் பெறுவோரிடம் ஒப்படைக்க வேண்டும்.

முடிவு

நல்ல பொறி என்று பொதுவாக ஒன்றைச் சுட்டிக்காட்ட இயலாது. எத்தனை பக்கங்கள், எம்மொழி எழுத்துகள், எவ்வூர்க் காற்று என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்டபின் தேர்ந்தெடுக்கும் பொறியே அவ்வலுவலகத்திற்கு நல்ல பொறியாகும். அங்கு வரும் தொழிலாளியின் பெயரிலுள்ள புள்ளி தெளிவாக விழுமானால் அத்தேர்வு பயன் தந்தது எனலாம்.

அருஞ்சொற்பொருள்

நிலைமின்னூட்டம் – ஓரிடத்திலேயே தங்கி நிற்கும் மின்னூட்டம்
காப்புரிமை – கண்டுபிடித்தவருக்கு அரசு வழங்கும் தனி உரிமை
புவிசார் குறியீடு – ஓர் ஊருக்கே உரிய பொருள் என்பதற்கான சட்ட அடையாளம்
வழித்தோன்றல் – பின்வந்த தலைமுறையினர்
சிக்கனம் – செலவைக் குறைத்துப் பயன் கொள்ளுதல்

பயிற்சிகள்

1. ஓரிரு தொடரில் விடை எழுதுக.
அ) கார்ல்சனின் சோதனையில் ஒளி பட்ட இடங்களில் என்ன நிகழ்ந்தது?
ஆ) ஈரத்தாளில் அச்சிடுவதால் நேரும் இடர்கள் யாவை?

2. கணக்கிட்டு எழுதுக.
ஓர் அலுவலகம் மாதம் 200 கறுப்புப் பக்கங்களையும் 50 வண்ணப் பக்கங்களையும் அச்சிடுகிறது. மூன்று ஆண்டுகளில் இரு பொறிகளுக்கும் ஆகும் மொத்தச் செலவைக் காண்க. இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக வருமாயின், வேறு எவற்றைக்கொண்டு முடிவு செய்யலாம்?

3. பொருள் வேறுபாடு விளங்கத் தொடரில் அமைத்து எழுதுக.
பணி – பனி. கொடை – கோடை. பல் – பல

4. பிரித்து எழுதுக.
மின்னூட்டம், தூள்பெட்டி, சோதனைத்தாள், ஒன்றோடொன்று

5. செயல்பாடு
உம் வீட்டார் வாழும் ஊரில் வழங்கும் மொழியும் தமிழும் இடம்பெறும் சோதனைத்தாள் ஒன்றை உருவாக்குக. அதனை இருவேறு அச்சுப்பொறிகளில் அச்சிட்டு, கண்ட வேறுபாடுகளைப் பத்துத் தொடர்களில் எழுதுக.