விலைச்சீட்டில் எழுதாத விலை

பால்மா விலையேற்றத்தால் எனக்கு நேர்ந்த நஷ்டத்தைவிட என் அத்தானுடைய உபதேசத்தால் நேர்ந்த நஷ்டமே பெரிது. இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம்; ஏனெனில் கீழே நான் கூறப்போகும் யோசனைகளில் பாதி அவர் சொன்னதற்கு நேர்மாறானவை. அவர் வங்கி முகாமையாளராயிருந்து இளைப்பாறியவர். கொழும்பிலேயே பிறந்து கொழும்பிலேயே நரைத்தவர். பொருளாதாரம் பற்றி அவர் வாய் திறந்தால் எங்கள் குடும்பத்தில் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வது வழக்கம்.

2022 மார்ச் 7 அன்று மத்திய வங்கி ரூபாயின் பெறுமதியைச் சந்தையின் போக்கில் விட்டது. 200 ரூபாயளவில் இழுத்துப் பிடிக்கப்பட்டிருந்த டொலர், அந்த மாதம் முடிவதற்குள் 290-ஐக் கடந்துவிட்டது. டொலர் கொடுத்து இறக்குமதி செய்யும் பால்மா இனி என்ன விலைக்கு வரும் என்பதை ஊகிக்க வங்கி உத்தியோகம் பார்த்திருக்க வேண்டிய அவசியமில்லை. அந்த வாரத்தில், வெள்ளவத்தைச் சுப்பர்மார்க்கட் ஒன்றில், 1,345 ரூபாய் என்று அச்சிட்ட ஒரு கிலோப் பைகள் இறாக்கையில் வரிசையாக நிற்பதைக் கண்டு, நான்கை எடுத்துத் தள்ளுவண்டியில் வைத்தேன். உடன் வந்திருந்த அத்தான், காசாளர் வரைக்கும் கேட்கும்படியாக, "தம்பி, உம்மைப் போல ஆக்களாலதான் நாட்டில சாமான் இல்லை" என்றார். அரசாங்கம் கட்டுப்பாட்டு விலையைத் திரும்பவும் கொண்டுவரத்தான் போகிறது, கொஞ்சம் பொறுத்தால் மலிவாக வாங்கலாம் என்றும் ஒரு சிறு பிரசங்கம் செய்தார். மூத்தவர் சொல்லைச் சபையில் மறுத்துப் பழக்கமில்லாதவனாகையால் மூன்றைத் திருப்பி வைத்தேன். இதை என் தவறென்று சிலர் சொல்கிறார்கள். மரியாதையைத் தவறென்று சொல்லும் காலம் இது.

மார்ச் 20 அளவில் ஒரு கிலோவின் விலை ஒரே தாவலில் 600 ரூபாய் ஏறி 1,945 ஆயிற்று. 400 கிராம் பை 540-இலிருந்து 790 ஆயிற்று. அந்த விலைக்காவது கிடைத்திருந்தால் சகித்துக்கொண்டிருப்பேன். கிடைக்கவில்லை. கடைசியில் எங்கள் தெருப் பலசரக்குக் கடை முதலாளி, மேசைக்கடியிலிருந்து ஒரு சிறு பையை எடுத்து, அதை வாங்குவதானால் ஒரு பெட்டி தேயிலை, இரண்டு கட்டிச் சவர்க்காரம், ஒருவரும் சீண்டாத ஒருவகைப் பிஸ்கற் ஆகியவற்றையும் வாங்கவேண்டுமென்று நிபந்தனை விதித்தார். விலைச்சீட்டில் 790, நான் எண்ணி வைத்ததோ அதன் இருமடங்குக்கு மேல். எவரும் 790 ரூபாய்க்கு மேல் ஒரு சதம் வாங்கியதாக எந்தப் பரிசோதகரும் நிரூபிக்க முடியாது என்பதுதான் இந்த யுக்தியின் சாமர்த்தியம்.

கட்டுப்பாட்டு விலை வரும் என்று காத்திருக்க அத்தான் சொன்னாரே, அது வந்தபோது என்ன நடந்தது என்பதை அவர் மறந்தது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். அதற்கு முந்திய செப்டெம்பரில்தான், பொதி செய்த வெள்ளைச் சீனி கிலோ 125 ரூபாய், நாட்டரிசி 98 ரூபாய் என்று வர்த்தமானி வெளியாயிற்று. அந்த விலையில் அந்தப் பொருளைக் கண்டவர் வீட்டில் விசேஷம் கொண்டாடலாம் என்ற நிலை உண்டாகி, அந்த மாத முடிவிலேயே அரிசிக்கான உச்ச விலை நீக்கப்பட்டது. அக்டோபர் 7 அன்று பால்மா, சமையல் எரிவாயு, கோதுமை மா, சீமெந்து ஆகியவற்றின் உச்ச விலைகளையும் அமைச்சரவை நீக்கிற்று. கொள்விலைக்குக் கீழே விற்கும்படி சொன்னால் இறக்குமதியாளன் கொண்டுவரமாட்டான் என்ற சாதாரண உண்மைக்கு அரசாங்கமே பணிந்த சந்தர்ப்பம் அது. உடனே ஒரு கிலோ பால்மா 945-இலிருந்து 1,195-க்குத் தாவிற்று. ஆகவே, வெறும் இறாக்கையில் ஒட்டியிருக்கும் குறைந்த விலையை நம்பி, நிறைந்த இறாக்கையிலுள்ள நடுத்தர விலையைக் கைவிடாதீர்கள்.

பெரிய அங்காடிகளின் யுக்திகள் இன்னும் நாகரிகமானவை. "ஒருவருக்கு ஒரு பை மட்டும்" என்ற அறிவிப்பை நீதியின் குரலென்று நினைக்கிறோம். அதைப் படித்த மறுகணமே, பால்மா வாங்கும் எண்ணமே இல்லாமல் வந்தவரும் ஒன்றை எடுத்துக்கொள்வதை நான் தூணருகே நின்று பார்த்திருக்கிறேன். பங்கீடு செய்த பொருளை உள்ளே கடைசி மூலையில் வைப்பார்கள். அங்கே போய்த் திரும்புவதற்குள் தேவையில்லாத சாமான்கள் வண்டியில் ஏறிவிடும். பால்மா இல்லாத இடத்தில், கண்ணுக்கு நேரான தட்டில், அதைவிட விலை கூடிய பானமா வகைகளை நிரப்புவார்கள். பிஸ்கற் பொதியின் விலை மாறாதிருக்க எடை மட்டும் மெலியும். சிறிய பை மலிவென்பதும் ஒரு மயக்கமே: 400 கிராம் 790 ரூபாயானால் கிலோ 1,975 ஆகிறது, பெரிய பையைவிட 30 ரூபாய் அதிகம். ஒரே தடவையில் 1,945 ரூபாய் எடுக்க முடியாதவனிடமிருந்துதான் அந்த 30 ரூபாய் வசூலாகிறது. ஓய்வூதியம் கைக்கு வந்த அன்றே, காலையில் கடை திறக்கும் வேளைக்கே, கணக்குக் கொப்பியுடன் போய் நின்றால் இவற்றையெல்லாம் தவிர்க்கலாம். அதற்கு யாருக்கு என்ன தடை இருக்க முடியும்?

வீட்டில் இரண்டு மாதத்துக்குச் சாமான் வைத்திருப்பதை அத்தான் பதுக்கல் என்கிறார். வியாபாரி லாபத்துக்காகக் களஞ்சியத்தைப் பூட்டி வைப்பதும் குடும்பஸ்தன் அலுமாரியில் பருப்பும் சீனியும் வைத்துக்கொள்வதும் அவருக்கு ஒன்றாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்து கொழும்பு பாணுக்கு வரிசையில் நின்றபோது, எங்கள் யாழ்ப்பாணத்துக் கமக்காரர் மிளகாயாலும் வெங்காயத்தாலும் கல்வீடு கட்டினார்கள்; தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை வந்து சவர்க்காரமும் மெழுகுதிரியும் பற்றரியும் எட்டாப் பொருளானபோது, அதே வீடுகளில் நாங்கள் ஜாம் போத்தலில் திரியிட்டுப் படித்தோம். தட்டுப்பாட்டின் இரு பக்கங்களையும் அனுபவித்தவன் அலுமாரியை வெறுமையாக வைத்திருக்கமாட்டான். 2022 செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியது. எந்த நிலையான வைப்பு அந்த வட்டி கொடுத்தது என்று அத்தானைக் கேட்டேன். அக்காவைத் தேநீர் கொண்டுவரச் சொன்னார். பிளேன்ரீதான் வந்தது.

இன்னொன்று. எதை வாங்கினாலும் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். வைத்திருக்கும் சரக்கை விற்க மறுப்பதும் பதுக்குவதும் 2003-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி குற்றம். ஆனால் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடும்போது கையில் ஒரு துண்டுக் காகிதமாவது இருந்தால்தான் பேச்சுக்கு அனுகூலம். எங்கள் தெரு முதலாளி, நான் பற்றுச்சீட்டுக் கேட்டதும், "ஐயா, அப்பிடியெண்டால் மாவை வைச்சிட்டுப் போங்கோ" என்றார். நான் வைத்துவிட்டு வரவில்லை; வீட்டில் பேரப்பிள்ளை இருந்தது. அதன் பிறகு அவர் கடைப்படியை நான் மிதித்ததில்லை. அவருடைய வியாபாரம் அதனால் ஒன்றும் குறைந்ததாகத் தெரியவில்லை. போன வருஷம் பக்கத்துக் கடையையும் சேர்த்து வாங்கிவிட்டார்.