வண்டியை எவ்வளவு உயர்த்தலாம்?

வேலூர்ப் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பாகாயம் நன்கு தெரிந்த ஊர். காட்பாடியிலிருந்து வேலூர் வழியாக வரும் நகரப் பேருந்துகள் வந்து திரும்பும் இடம் அது. கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் வளாகமும் அங்கேதான் இருக்கிறது. அங்கிருந்து அணைக்கட்டு வட்டத்தை நோக்கிச் சென்றால் சமவெளி முடிந்து மலைகள் தொடங்கும். அல்லேரி மலை அங்கே உள்ளது. அதற்கும் தெற்கே ஜவ்வாது மலைத்தொடர் விரிந்து கிடக்கிறது.

2023 மே மாதத்தில் அல்லேரி மலையிலுள்ள ஒரு சிற்றூரில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. நல்ல சாலை இல்லாததால் மருத்துவமனையை அடையத் தாமதமாயிற்று, குழந்தை இறந்துவிட்டது. குழந்தையின் உடலோடு திரும்பியபோதும் ஆம்புலன்ஸ் ஊர்வரை ஏற முடியவில்லை. எஞ்சிய தூரத்தைத் தாய் நடந்தே கடந்தார்.

இத்தகைய பாதையில் ஏறும் வண்டி எப்படி இருக்க வேண்டும்? "உயரமாக இருக்க வேண்டும்" என்று நீங்கள் உடனே சொல்வீர்கள். அது பாதி விடைதான். பழைய பிக்கப் வண்டி ஒன்றை எடுத்து, காடுமேடுகளில் ஓடும்படி உயர்த்திக் கட்டுவதாக வைத்துக்கொண்டு மீதி விடையையும் தேடுவோம்.

மாட்டு வண்டி சொல்லும் பாடம்

மாட்டு வண்டியின் சக்கரம் ஏன் அவ்வளவு பெரியது? அச்சு சக்கரத்தின் நடுவில் இருக்கிறது. ஆகவே தரையிலிருந்து அச்சின் உயரம் சக்கரத்தின் ஆரத்துக்குச் சமம். சக்கரம் பெரிதானால் அச்சு உயரும். வழியிலுள்ள கல் அதில் இடிக்காது. மேலும், சிறிய சக்கரம் முட்டி நின்றுவிடும் கல்லின்மீது பெரிய சக்கரம் எளிதாக ஏறிவிடும்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டாக்டர் ஐடா ஸ்கடர் வேலூரிலிருந்து குடியாத்தம் சாலையில் ஊர் ஊராகச் சென்று, மரத்தடியில் நோயாளிகளைப் பார்த்துவந்தார். அந்தச் சாலையோர மருத்துவப் பணிக்கு அவர் பயன்படுத்திய முதல் மோட்டார் வண்டி ஒரு சிறிய பெஜோ கார். அக்காலத்துக் கார்கள் பெரும்பாலும் வண்டிப் பாதைகளில் ஓட வேண்டியிருந்ததால் அவற்றுக்கும் பெரிய சக்கரங்களே இருந்தன. சாலைகள் திருந்தத் திருந்தக் கார்கள் தாழ்ந்துகொண்டே வந்தன.

ஜீப்பும் பிக்கப்பும்

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் வில்லிஸ் ஜீப் உருவாயிற்று. 1947இல் மகிந்திரா நிறுவனத்தார் பம்பாயில் அதன் பாகங்களை இறக்குமதி செய்து பூட்டத் தொடங்கினர். அதே ஆண்டில் வில்லிஸ் நிறுவனம், முன்னால் ஓட்டுநர் அறையும் பின்னால் திறந்த சுமைத் தொட்டியும் கொண்ட பிக்கப் வண்டியை அமெரிக்காவில் வெளியிட்டது. பழைய வண்டிகளை விரும்புவோர் இன்றும் தேடிப் பிடித்துப் புதுப்பிக்கும் வண்டிகளுள் இதுவும் ஒன்று.

இவ்விரண்டுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலுள்ள தூரம் போர்க்கால ஜீப்பில் 80 அங்குலம், அதாவது சுமார் 203 செ.மீ. பிக்கப்பில் அது 118 அங்குலம், அதாவது சுமார் 300 செ.மீ. இந்த வேறுபாடு என்ன செய்யும்?

ஒரு வரப்பின்மீது வண்டி ஏறி இறங்குவதாகக் கொள்வோம். முன்சக்கரம் வரப்பைத் தாண்டி இறங்கிவிட்டது; பின்சக்கரம் இன்னும் ஏறவில்லை. அப்போது வண்டியின் நடுவயிறு வரப்பில் தட்டும். இரு வண்டிகளுக்கும் நடுவயிற்றின் உயரம் 25 செ.மீ. என்று கொண்டு கணக்கிட்டால், ஜீப் தட்டாமல் கடக்கக்கூடிய முகட்டின் கோணம் சுமார் 28 பாகை. பிக்கப்புக்கு அது சுமார் 19 பாகைதான். ஜீப்புக்குச் சமமாகப் பிக்கப்பும் கடக்க வேண்டுமானால் அதன் வயிறு 37 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். அதாவது 12 செ.மீ. உயர்த்த வேண்டும். நீண்ட வண்டிகளை உயர்த்திக் கட்டுவதற்கு இதுவே முதற்காரணம்.

உயர்த்தும் வழிகள்

பழைய வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்ததும் முதலில் சேசிஸைப் பார்க்க வேண்டும். உடல் துருப்பிடித்திருந்தால் தகடு மாற்றலாம். சேசிஸ் அரித்திருந்தால் அதன்மேல் செய்யும் எந்த வேலையும் நிலைக்காது.

அடுத்து உயர்த்தும் வேலை. இதற்கு இரு வழிகள் உண்டு. முதல் வழி, பட்டை ஸ்பிரிங்கை மாற்றுவது. வளைவு மிகுந்த பட்டைகளைப் பூட்டினால் சேசிஸும் அதன்மேலுள்ள உடலும் உயரும். ஆனால் அச்சு எழும்பாது. அச்சின் நடுவில் பானைபோல் புடைத்திருக்கும் டிஃபரன்ஷியல் பழைய உயரத்திலேயே இருக்கும். வண்டி கம்பீரமாக நிமிர்ந்து நிற்கும். பாதையின் நடுவிலுள்ள கல் மட்டும் முன்போலவே டிஃபரன்ஷியலில் மோதும்!

இரண்டாம் வழி, பெரிய டயர் பூட்டுவது. 70 செ.மீ. விட்டமுள்ள டயரை எடுத்துவிட்டு 80 செ.மீ. டயரைப் பூட்டினால் அச்சு 5 செ.மீ. உயரும். 10 செ.மீ. உயரும் என்று எண்ணிவிடாதீர்கள். அச்சு நடுவில் இருப்பதால் பாதிதான் கிடைக்கும். பெரிய டயர் மட்கார்டில் உரசாமல் இருக்க ஸ்பிரிங்கையும் ஓரளவு உயர்த்த வேண்டியிருக்கும். ஆகவே இரு வழிகளும் சேர்ந்தே வருகின்றன.

ஜெர்மனியின் யுனிமோக் வண்டியில் வேறோர் உபாயம் உண்டு. அதில் அச்சு சக்கரத்தின் மையத்துக்கு மேலே அமைந்திருக்கும். ஒவ்வொரு சக்கரத்தருகிலும் உள்ள பல்சக்கரங்கள் சுழற்சியைக் கீழே இறக்கித் தரும். டயரைப் பெரிதாக்காமலே டிஃபரன்ஷியல் உயர்ந்துவிடுகிறது.

ஒன்றை மாற்றினால் ஒன்பது மாறும்

பெரிய டயர் இலவசமாக உயரம் தருவதில்லை. ஆரம் கூடினால், அதே திருப்புவிசைக்குத் தரையில் கிடைக்கும் தள்ளுவிசை குறையும். மேற்கண்ட டயரால் அது எட்டில் ஏழு பங்காகிவிடும். பிரேக்கின் பிடிப்பும் அவ்வாறே எட்டில் ஏழாகும். வேகமானியும் பொய் சொல்லும்: முள் மணிக்கு 40 கி.மீ. காட்டும்போது வண்டி ஏறத்தாழ 46 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

இழந்த விசையை மீட்கப் பல்சக்கர விகிதத்தை மாற்ற வேண்டும். போர்க்கால ஜீப்பில் டிஃபரன்ஷியல் விகிதம் 4.88. முதல் கியரும் தாழ்நிலை கியரும் சேரும்போது எஞ்சினின் திருப்புவிசை சக்கரத்தில் 25 மடங்குக்கு மேல் பெருகும். 60 குதிரைத்திறனே கொண்ட எஞ்சின் பாறைமீது ஏறிய இரகசியம் இதுதான். பெரிய டயருக்கு அதே விசை வேண்டுமானால் 4.88ஐ 80/70ஆல் பெருக்குங்கள். 5.58 வருகிறது. இதற்கு நெருங்கிய விகிதமுள்ள கிரவுன் வீலையும் பினியனையும் தேடிப் பூட்ட வேண்டும்.

சேசிஸ் உயர்ந்தால் கியர் பெட்டியும் உயரும். அச்சு கீழேயே நிற்கும். இரண்டையும் இணைக்கும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் முன்னைவிடச் சரிவாகும். கிடையாக இருந்த 100 செ.மீ. ஷாஃப்டின் ஒரு முனை 15 செ.மீ. உயர்ந்தால் சரிவு 8.6 பாகை, ஷாஃப்ட் 60 செ.மீ. மட்டுமே ஆனால் 14.5 பாகை. அதன் முனையிலுள்ள யுனிவர்சல் ஜாயிண்ட் சாய்வாகச் சுழலும்போது, ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடிக் குறையும். சாய்வு 25 பாகையானால் இந்த ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 10 சதவிகிதத்தை எட்டும். இரு முனைகளிலும் கோணம் சமமாக இருந்தால் ஒன்று செய்யும் குற்றத்தை மற்றது சரிசெய்துவிடும். சமமில்லையேல் வண்டி அதிரும். ஜாயிண்ட் விரைவில் தேயும். இவற்றோடு பிரேக் குழாய்களை நீளமாக்குவதும், ஸ்டியரிங் தண்டுகளின் சரிவைத் திருத்துவதும் கட்டாயம்.

கவிழும் கணக்கு

இப்போது உயிர் சம்பந்தப்பட்ட செய்திக்கு வருவோம். ஒரு பொருளின் ஈர்ப்பு மையத்திலிருந்து வரையும் செங்குத்துக் கோடு அதன் அடித்தளத்துக்குள் விழும்வரை பொருள் கவிழாது. வண்டிக்கு அடித்தளம் என்பது நான்கு சக்கரங்களுக்கு இடைப்பட்ட பரப்பு.

இடது, வலது சக்கரங்களுக்கு இடையே 140 செ.மீ. எனக் கொள்வோம். அதில் பாதி 70 செ.மீ. ஈர்ப்பு மையத்தின் உயரமும் 70 செ.மீ. ஆனால், பக்கச் சரிவு 45 பாகையை எட்டும்போது வண்டி கவிழும். ஈர்ப்பு மையம் 85 செ.மீ. உயரத்துக்குப் போனால் 39.5 பாகையிலேயே கவிழும், 100 செ.மீ. ஆனால் 35 பாகை போதும்.

வளைவில் திரும்பும்போதும் இதே விகிதம்தான் வேலை செய்கிறது. 20 மீட்டர் ஆரமுள்ள வளைவில் முதல் வண்டி மணிக்கு ஏறத்தாழ 50 கி.மீ. வரை தாங்கும்; ஈர்ப்பு மையம் 100 செ.மீ. உயரத்துக்குப் போன வண்டி 42 கி.மீ. வேகத்திலேயே உள்சக்கரங்களைத் தூக்கிவிடும். உண்மையில் ஸ்பிரிங்கும் டயரும் ஒருபுறம் அமுங்குவதால் இன்னும் முன்னதாகவே கவிழும். சக்கர அகலத்தில் பாதியை ஈர்ப்பு மைய உயரத்தால் வகுத்து வரும் இந்த எண்ணைக் கொண்டுதான் அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2001 முதல் வண்டிகளின் கவிழும் அபாயத்தை மதிப்பிடுகிறது.

உயர்த்திய வண்டியை அகலமாக்கிச் சமன் செய்யலாமே என்று கேட்கலாம். செய்யலாம். ஆனால் ஈர்ப்பு மையம் 15 செ.மீ. உயர்ந்தால் அகலத்தை 30 செ.மீ. கூட்ட வேண்டும். ஒற்றையடி மலைப்பாதையில் அவ்வளவு அகலத்துக்கு இடம் ஏது?

மற்றொரு வழி, சுமையைத் தாழ வைப்பது. ஆம்பூர், பேரணாம்பட்டு தோல் தொழிற்சாலைகளுக்கு உப்பிட்ட ஈரத்தோல் ஏற்றிச் செல்லும் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். அதே எடையுள்ள தோலைத் தரைப்பலகையில் பரப்பினால் ஒரு நிலை. குவித்துக் கட்டினால் வேறு நிலை. மலைக்குச் செல்லும் வண்டியிலும் தண்ணீர்ப் பீப்பாய், உபரி டயர், நோயாளியின் படுக்கை எல்லாம் எவ்வளவு தாழ இருக்கின்றனவோ அவ்வளவு நல்லது.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு பலகையின்மீது தீப்பெட்டியைச் செங்குத்தாக நிறுத்துங்கள். அது வழுக்காமலிருக்க, அதன் அகலப் பக்கத்தை ஒட்டி அல்ல, குறுகிய பக்கத்தை ஒட்டி ஒரு தீக்குச்சியைப் பலகையில் ஒட்டுங்கள். குச்சி இருக்கும் பக்கம் தாழும்படி பலகையை மெல்லச் சாய்த்து, கவிழும் கோணத்தைப் பாகைமானியால் அளந்துகொள்ளுங்கள். பிறகு உள்பெட்டியின் அடிமுனையில் ஒரு நாணயத்தை ஒட்டி அளவுங்கள். அடுத்து அதே நாணயத்தை மேல்முனையில் ஒட்டி அளவுங்கள். மூன்று கோணங்களும் ஒன்றாக இருக்கின்றனவா? பெட்டியின் உயரம் மாறவில்லை. எடை இருக்கும் இடம் மட்டுமே மாறியது என்பதைக் கவனியுங்கள்.

சட்டம் சொல்வது

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தி அமைத்துச் சாலையில் ஓட்டக்கூடாது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. மேலே கண்ட கணக்குகளைப் பார்த்தபின் அதன் காரணம் உங்களுக்கு விளங்கும். உயர்த்திய வண்டி கவிழும்போது ஆபத்து அதை ஓட்டுபவருக்கு மட்டுமன்று. எதிரே வருபவருக்கும் உண்டு. வண்டியை உயர்த்தி மகிழ்வோர் அதை மூடிய திடல்களிலும் பந்தயக் களங்களிலும் ஓட்டுவதே முறை.

அப்படியானால் தலைப்பிலுள்ள கேள்விக்கு விடை என்ன? பாதையிலுள்ள கல்லைத் தாண்டத் தேவையான அளவு; அதற்குமேல் ஒரு விரற்கடையும் வேண்டாம். மீதியைத் தாழ்ந்த சுமையும், வலிய கியரும், நிதானமான ஓட்டமும் பார்த்துக்கொள்ளும். பாதையையே செப்பனிட்டுக் கல்லை அகற்றிவிட்டாலோ, சாதாரண ஆம்புலன்ஸே மலையேறிவிடும். அல்லேரி போன்ற மலைகளுக்கு வேண்டிய விடை அதுதான்.

உங்களுக்கு ஒரு கணக்கு: சக்கர அகலம் 150 செ.மீ., ஈர்ப்பு மைய உயரம் 90 செ.மீ. உள்ள வண்டி எத்தனை பாகைச் சரிவில் கவிழும்? வரைபடத்தாளில் வரைந்து அளந்து பாருங்கள்.