அச்சிடாத வெண்மை

ஜப்பானிய வண்ண மரக்கட்டை அச்சுப்படங்களில் குளிர்காலக் காட்சிகளை நோக்குங்கால், அவ்வெண்பனியை எவ்வண்ணத்தால் தீட்டினர் என்னும் வினா நமக்கு எழுகின்றது. பெரும்பாலும் எவ்வண்ணமும் தீட்டப்படவில்லை என்பதே விடை. ஓவியர் வரைந்தளித்த படத்தைக் கொண்டு செதுக்குவோர் வண்ணங்களுக்கெனத் தனித்தனிக் கட்டைகள் அமைப்பர். பனிக்குரிய இடங்களில் மரத்தைக் குடைந்தெடுப்பர். அங்கு வண்ணம் படாமையால் தாளின் வெண்மையே பனியாகின்றது.

ஹிரோஷிகே 1833-34ஆம் ஆண்டுகளையொட்டி ஆக்கிய தொக்கைடோ நெடுஞ்சாலைப் படவரிசையில், கன்பரா ஊரின் இரவுப் பனியைக் காண்போம். வழிப்போக்கர் மூவர் குனிந்து நடக்கின்றனர். வானத்துக் கருமை மெல்ல மெல்லக் கரைகின்றது. அச்சிடுவோர் கட்டையின்மீது வண்ணத்தை ஈரத்தால் துடைத்து விளைத்த நயம் அது. கன்பராவோ பெரும்பனி அரிதாகிய கடலோர ஊர். ஆயினும் அவ்விரவின் அமைதியை நாம் ஐயுறுவதில்லை.

காவசே ஹசூயி (1883-1957), 1923ஆம் ஆண்டு நிலநடுக்கத்தை அடுத்த பெருந்தீயில் தம் வரைவேடுகளை இழந்தார். எனினும் மனந்தளராது மீண்டும் பயணம் புறப்பட்டார். டோக்கியோவின் ஸோஜோஜி ஆலயத்தைப் பனியிடையே காட்டும் புகழ்பெற்ற படம் 1925இல் வெளிவந்தது. அவருடைய இறுதிப்படம் ஹிரைசுமியின் பொன்மண்டபத்தைப் பற்றியது. பனி மூடிய படிகளில் துறவி ஒருவர் தனியே ஏறிச் செல்கின்றார். ஹசூயி மறைந்த பின்னரே அப்படம் நிறைவுற்றது.

அத்துறவியின் முன் விரியும் வெண்மையும் குடைந்து நீக்கிய மரத்தின் பயனே. இத்தகைய படங்களைக் காணுந்தோறும், கலைஞர் தொடாது விட்ட இடத்தையும் உற்று நோக்குவோமாக.