துப்பாதீர்கள்

ஞானப்பல் எடுக்கப் போகிறவர்கள் எல்லோரும் ஊசிக்குத்தான் பயப்படுகிறார்கள். ஊசி ஒரு நிமிஷ வேலை. அதற்குப் பிறகு வரும் நாலைந்து நாள்தான் விஷயமே.

எனக்குக் கீழ்த்தாடையில், வலது பக்கப் பல். முளைக்க இடமில்லாமல் படுத்தவாக்கில் வளர்ந்து பக்கத்துப் பல்லை முட்டிக்கொண்டிருந்தது. மேலே மூடியிருந்த ஈறு அடிக்கடி வீங்கும், வலி காதுவரை போகும். மாத்திரை போட்டால் அடங்கும், கொஞ்ச நாளில் திரும்ப வரும். முழுத்தாடை எக்ஸ்ரேயைக் காட்டி, பல்லின் வேருக்கு அடியில் நரம்பு ஓடும் பாதையை டாக்டர் விரலால் கோடிழுத்தார். வேர் அதை ஒட்டியிருந்தால், எடுத்தபின் சிலருக்குக் கீழுதடு கொஞ்ச காலம் மரத்துப்போகலாம். அபூர்வமாக அப்படியே நின்றுவிடுவதும் உண்டு. நரம்பு எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்று நீங்களே கேட்டுவிடுங்கள்.

மரத்துப்போகும் ஊசி மட்டும் என்றால் வெறும் வயிற்றோடு போகாதீர்கள். அப்புறம் நல்லபடியாகச் சாப்பிட நாளாகும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், தாங்களாக நிறுத்தக் கூடாது. பல்லை எடுக்கும்போது வலி இல்லை. அழுத்தமும் சத்தமும்தான். என் பல்லை இரண்டாக அறுத்துத்தான் எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை வெந்நீரில் உப்புப் போட்டுத் தயாராக நின்றார். "கொப்பளிச்சுத் துப்பும்மா, கெட்ட ரத்தமெல்லாம் போயிடும்." அதைத்தான் முதல் நாள் செய்யவே கூடாது. பல் இருந்த குழியில் உறையும் ரத்தம்தான் அடியில் உள்ள எலும்புக்கு மூடி. துப்பினாலோ உறிஞ்சினாலோ அது பெயர்ந்துவிடும். எச்சிலில் கொஞ்சம் ரத்தம் கலந்து வந்தாலும் விழுங்கிவிடலாம். கொப்பளிப்பது மறுநாள் முதல். அதுவும் தலையைச் சாய்த்து, தண்ணீரைத் தானாக வழியவிட வேண்டும். இளநீரை ஸ்ட்ரா இல்லாமல் டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். சிகரெட் பிடிப்பவர்கள் குறைந்தது மூன்று நாளாவது தள்ளிவையுங்கள்.

முதல் நாள் கன்னத்தில் துணி சுற்றிய ஐஸ். சாப்பாடு, ஆறிய கேழ்வரகுக் கஞ்சி, குழைந்த தயிர்சாதம். தயிர்சாதத்தில் தாளிக்கக் கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரே ஒரு கடுகு அந்தக் குழிக்குள் போய் உட்கார்ந்துகொண்டு படுத்திய பாடு இருக்கிறதே!

வீக்கம் இரண்டு மூன்று நாள் ஏறித்தான் இறங்கும், பயப்பட வேண்டாம். குறைந்துகொண்டு வந்த வலி மூன்றாம் நாளுக்கு மேல் திடீரென்று கூடி, காதுக்கு ஏறி, வாயும் நாறினால் உறைந்த ரத்தம் பெயர்ந்துவிட்டது என்று பெரும்பாலும் அர்த்தம். வலி மாத்திரையை மட்டும் விழுங்கிக்கொண்டு கிடக்காமல் டாக்டரிடம் போங்கள். கழுவி மருந்து வைத்தால் சீக்கிரம் அடங்கும். விழுங்க முடியாவிட்டாலோ, வீக்கம் கழுத்துக்கு இறங்கினாலோ, காய்ச்சல் அடித்தாலோ ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட வேண்டும்.

"மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடுமாமே?" என்றும் அத்தை கேட்டார். பல்லின் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. என் மேல் ஞானப்பல்லை எடுக்காததற்குக் காரணம் அது நேராக முளைத்திருப்பதும், பிரஷ் எட்டுவதும்தான். எதிர்ப்பல் இல்லாததால் கீழே இறங்கி வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர்.