நுரைக்கும் வெந்நீருக்கும் தாங்குகிற எழுத்து

பாளையங்கோட்டை

அன்பு மருமகளுக்கு,

இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவம் முடித்து, பல்லடம் பக்கம் கோழி இறைச்சி ஆலையில் சேர்ந்த கையோடு நீ கேட்ட முதல் சந்தேகம் ஸ்டிக்கரைப் பற்றி. மெஷின்களில் ஒட்டும் எண் மூன்று மாதத்தில் உரிந்துவிடுகிறது, எதை வாங்கலாம் என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. முப்பது வருஷமாக மாமாவுக்கு அதுதானே பிழைப்பு.

நம் ஊரில் அழியாத எழுத்து என்றால் பாத்திரத்தில் பேர் வெட்டுவதுதான். ஆச்சியின் பித்தளைக் குடத்தில் தாத்தா உளியால் புள்ளி புள்ளியாகத் தட்டிய பேர் இன்னும் வாசிக்க வருகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி அந்தக் குடத்தை அடித்துக்கொண்டு போனது. பேரைப் பார்த்துத்தான் கரையில் கிடந்ததை வீடு தேடிக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அந்த நம்பிக்கையில் நானும் ஓர் இறைச்சி ஆலைக்கு எவர்சில்வர் தகட்டில் எண்களை ஆழமாக வெட்டிக் கொடுத்தேன். ஆறு மாதம் கழித்துப் போய் ஊசியால் ஓர் எழுத்தைக் கீறினேன். பள்ளத்திலிருந்து சாம்பல் நிறப் பிசுக்கு சுருண்டு வந்தது. அவ்வளவும் கொழுப்பு. சில எழுத்துகளின் ஓரத்தில் துருவும் இருந்தது. உளியின் இரும்புத் துகள் ஒட்டிக்கொண்ட பள்ளத்தில் குளோரின் தண்ணீர் தேங்கினால் எவர்சில்வரும் துருப்பிடிக்கும். வீட்டுக் குடத்துக்குச் சிறப்பான வேலை, இறைச்சி வெட்டும் இடத்தில் கிருமிக்குக் குடித்தனம் வைத்துக் கொடுத்துவிட்டது. எழுத்து நிற்க வேண்டும். அழுக்கு நிற்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால்தான் அது உன் ஆலைக்கு ஆகும்.

அதனால் ஸ்டிக்கர் விற்பவரிடம் பேசும் முன்னால், ராத்திரி ஷிப்டில் கழுவுகிறவர்கள் பக்கத்தில் ஒரு நாள் நில். என்ன நுரை அடிக்கிறார்கள், தண்ணீர் என்ன சூடு, குழாயை எவ்வளவு கிட்டத்தில் பிடிக்கிறார்கள் என்று குறித்துக்கொள். காஸ்டிக் சோடா நுரை கொழுப்பை எடுக்கும். அலுமினியத் தகட்டையும் அரித்துவிடும், அனோடைஸ் செய்திருந்தாலும் தப்பாது. கத்தியைக் கிருமி நீக்கும் வெந்நீர் 82 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பது ஐரோப்பிய விதி. அந்தச் சூட்டில் பில் போடும் தெர்மல் தாள் கறுத்துப்போகும். மெழுகு ரிப்பனில் அடித்த எழுத்து நகம் பட்டாலே வந்துவிடும். பாலியெஸ்டர் ஸ்டிக்கரில் ரெசின் ரிப்பனால் அடித்ததை வாங்கு. நிரந்தர மெஷின் என்றால் 316 எவர்சில்வரில் பள்ளம் விழாமல் லேசரால் எழுதச் சொல். மாட்டின் காதில் நீ மாட்டிய மஞ்சள் வில்லை நினைவிருக்கிறதா? அதன் 12 இலக்கமும் லேசர் எழுத்துதான். வெயிலிலும் முள்ளிலும் உரசி நிற்கிறது.

நல்ல ஸ்டிக்கரும் ஒட்டுகிற விதத்தால் உரியும். குளிர் அறைப் பக்கத்து எவர்சில்வர் எப்போதும் வேர்த்திருக்கும். அதன்மேல் ஒட்டினால் பசை தண்ணீரில்தான் உட்காரும். லீவு நாளில், மெஷின் சூடு அறைக்குச் சமமானதும், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டு ஒட்டு. மூலைகளை வட்டமாக வெட்டச் சொல்; கூர்மூலையில்தான் குழாய்த் தண்ணீர் முதலில் நுழையும். பசை முழுப் பிடிப்புக்கு வர மூன்று நாள்கூட ஆகும். முதல் நாளாவது நுரை படாமல் பார்த்துக்கொள்.

இறைச்சி போகும் பட்டைக்கு நேர் மேலே எதையும் ஒட்டாதே. கூடைகளில் தொங்கவிடும் வில்லை நீலமாக இருக்கட்டும். இறைச்சியில் நீலம் கிடையாது என்பதால் துண்டு விழுந்தாலும் கண்ணில் படும். உலோகத்தூள் கலந்த பிளாஸ்டிக் என்றால் மெட்டல் டிடெக்டரும் பிடிக்கும்.

ஒரு எண்ணுக்கு இத்தனை பாடா என்று உன் மேலாளர் கேட்கலாம். நான் பார்த்த ஓர் ஆலையில் தராசு எண் 8 பாதி அழிந்து 3 மாதிரி தெரிந்தது. எட்டாம் தராசுக்கு எழுத வேண்டிய சோதனைக் கணக்கு மூன்றின் பேரில் ஏறி, எந்தத் தராசு சரி என்று யாருக்கும் சொல்ல முடியாமல் ஒரு வாரச் சரக்கை மறுபடி எடை போட்டார்கள்.

பஸ் பார்சலில் ஒரு எவர்சில்வர் தகடு அனுப்பியிருக்கிறேன். நாலு வகை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. உங்கள் நுரையிலும் வெந்நீரிலும் ஃப்ரீசரிலும் இரண்டு வாரம் போட்டு எடு. சித்திரைக்கு ஊருக்கு வரும்போது அப்படியே கொண்டு வா. ஓரங்களை நான் நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
மாமா