முதியோருக்கு எந்த உணவு?

வாப்பாவுக்குச் சர்க்கரை, உம்மாவுக்கு இரத்தக் கொதிப்பு என்று சொல்லி, வீட்டுப் பெரியவர்களுக்கு மட்டும் கஞ்சியும் ரொட்டித் துண்டும் தனியே கொடுத்துவிடுவது பல இல்லங்களில் வழக்கமாகி விட்டது. அன்பினால்தான் இப்படிச் செய்கிறோம். ஆனால் இதனால் அவர்கள் உடல் தேறுகிறதா, மெலிகிறதா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இவ்விஷயத்தில் மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளின் உணவு முறை நமக்கு நல்ல பாடம் தருகிறது.

ஆராய்ச்சி கண்ட உண்மை

அமெரிக்க அறிஞர் ஆன்செல் கீஸ் 1958-ம் ஆண்டு தொடங்கி ஏழு நாடுகளின் ஆண்களை ஆராய்ந்தார். பாற்கொழுப்பை மிகுதியாக உண்ட கிழக்குப் பின்லாந்தில் மாரடைப்பு மரணம் மிக அதிகமாகவும், கிரேக்க நாட்டின் கிரீட் தீவில் மிகக் குறைவாகவும் இருந்தது. கிரீட் தீவினர் கொழுப்பை ஒதுக்கியவர்கள் அல்லர். குர்ஆனில் பரக்கத்தான மரம் என்று கூறப்பட்ட ஜைத்தூனின் எண்ணெயைத் தாராளமாகவே சேர்த்து உண்டனர். கொழுப்பின் அளவோடு அதன் வகையையும் பார்க்க வேண்டும் என்பது இதனால் விளங்கிற்று.

பின்னர் ஸ்பெயினில், 55 முதல் 80 வயது வரையிலான சுமார் 7,400 பேரிடம் இம்முறை சோதிக்கப்பட்டது. ஜைத்தூன் எண்ணெய் அல்லது பருப்புக் கொட்டைகள் சேர்த்து இவ்வாறு உண்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் முதலிய ஆபத்துகள் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தன. 2013-ல் வந்த இம்முடிவு, நடைமுறைக் குறைகள் திருத்தப்பட்டு 2018-ல் மீண்டும் வெளியானபோதும் பெரிதும் மாறவில்லை.

உணவில் என்ன இருக்கிறது?

காய்கறி, கீரை, பழம், தவிடு நீக்காத கோதுமை, கொண்டைக்கடலை, பருப்பு ஆகியவை அன்றாடம் உண்டு. வாரம் இரண்டு மூன்று முறை மத்தி போன்ற மீன், பாதாம், அக்ரூட் ஒரு கைப்பிடி, தயிர் அளவாக. ஆட்டிறைச்சியும் இனிப்பும் எப்போதாவதுதான். நமது நோன்புக் கஞ்சியைப் போல மொராக்கோ முஸ்லிம்கள் நோன்பு திறக்க அருந்தும் ஹரீரா, கொண்டைக்கடலை, பருப்பு, தக்காளி கலந்து ஆக்கப்படுவதே.

சில நூல்கள் இவ்வுணவோடு மதுவையும் சேர்த்துப் பேசுகின்றன. அது நமக்கு ஹராம். எந்த அளவு மதுவும் தீங்கற்றதன்று என்று உலகச் சுகாதார நிறுவனமும் 2023-ல் அறிவித்து விட்டது.

முதியோர் கவனிக்க வேண்டியவை

1. வயது ஏற ஏறத் தசை கரைகிறது. எனவே உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தினமும் புரதம் வேண்டும். வெறுங்கஞ்சி இதைத் தராது. பருப்பு, மீன், முட்டை, தயிர் வேண்டும்.

2. பல் இல்லாதவர்களுக்குக் கடலையை வேகவைத்து மசித்துக் கொடுக்கலாம்.

3. முதுமையில் தாகம் தெரியாது. நினைவூட்டித் தண்ணீர் கொடுக்க வேண்டும்.

4. உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும். ருசிக்கு எலுமிச்சை, சீரகம், பூண்டு, கொத்தமல்லி போதும்.

5. சிறுநீரக நோயாளிகளும், இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் மருந்து உட்கொள்வோரும் டாக்டரைக் கேட்காமல் உணவை மாற்றக்கூடாது. கீரையைத் திடீரெனக் கூட்டினால் அம்மருந்தின் வேலை குறையும்.

ஜைத்தூன் எண்ணெய்க்கு வசதியில்லாதோர் நெய்யையும் வனஸ்பதியையும் குறைத்து, கடலை எண்ணெயை அளவாகச் சேர்க்கலாம்.

கூடி உண்ணுங்கள்

2010-ல் யுனெஸ்கோ நிறுவனம் ஸ்பெயின், கிரேக்கம், இத்தாலி, மொராக்கோ நாடுகளின் இவ்வுணவு முறையை மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றது. உண்ணும் பொருளை மட்டுமல்ல, கூடி உண்ணும் பழக்கத்தையும் அது சேர்த்தே குறிப்பிட்டது. சஹனில் கூடி உண்டு பழகிய நமக்கு இது புதிதன்று. தனியே உண்ணும் முதியவருக்குப் பசியும் குறைகிறது. பாதி உணவு தட்டிலேயே மிஞ்சுகிறது.

ஆகவே பெரியவர்களுக்கென்று தனிச் சமையல் வேண்டாம். அவர்களுக்கு ஏற்ற உணவையே வீட்டார் அனைவரும் உண்போம். இளையவர்களின் இதயத்துக்கும் அதுவே நல்லது. இன்றிரவே வாப்பாவையும் உம்மாவையும் அழைத்து நம் பக்கத்தில் அமர்த்திக் கொள்வோமாக!