சலாலாவில் சாரல் காலம்

ஓமானின் தென்கோடிக் கடற்கரை நகரமான சலாலாவில் ஜூன் பிற்பகுதி முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று தூறலையும் மூடுபனியையும் கொண்டுவரும். அங்கே இந்தப் பருவத்தை ‘கரீஃப்’ என்பார்கள். நம் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் ஐப்பசி மழைக்கு வானம் பார்த்துக் கிடக்கும் மாதங்கள் இவை.

கொட்டும் மழை அல்ல, குற்றாலச் சாரல் மாதிரிதான். ஆனால் ஈரம் விடாது. அறைக்குள் உலர்த்திய துணி மறுநாளும் சில்லென்றே இருக்கும். தோல் செருப்பு, பெல்ட்டில் பூசணம் பூக்கும். கரிசல் காட்டு வெயிலில் காய்ந்த முண்டு மிளகாய் வற்றலும் ஊரிலிருந்து கொண்டுபோகும் சேவும் நமத்துப்போகாமலிருக்க, இறுக மூடும் டப்பாவில் போட்டு வைப்பது நல்லது. பருத்தித் துணியைவிடச் சீக்கிரம் உலரும் துணி அங்கே உதவும்.

மலைச்சாலையில் பனி மூடினால் முகப்பு விளக்கைத் தாழ்த்தி, மெதுவாக ஓட்ட வேண்டும். ஒட்டகம் திடீரெனக் குறுக்கே வரும். இந்த மாதங்களில் கடல் கொந்தளிப்பதால் குளிக்க இறங்கக் கூடாது. வளைகுடாவெங்கும் இருந்து சுற்றுலாக் கூட்டம் வருவதால் அறை வாடகையும் ஏறும், முன்பதிவு அவசியம்.

ஒரு ஓமான் ரியாலுக்கு 1000 பைசா. ஓமான் நேரம் நம் ஊர் நேரத்துக்கு ஒன்றரை மணி பின்னே. அங்கே இரவு 9 மணியென்றால் வீட்டில் 10.30.